கண்ணு கெட்ட பின்னாடி சூரிய நமஸ்காரம் எதுக்கு? (பள்ளத்தூர்ல பேசினது)

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்கிற பேரூராட்சித் தலைவர் அம்மா அவங்களுக்கும், நகரத்தார் பெரியவங்களுக்கும், பள்ளிக்கூடத்த இன்னிக்கு திறந்து விட்ட தலைமையாசிரியர் ஐயாவுக்கும், காலையில இருந்து நாற்காலி தூக்கிப்போட்ட தம்பிகளுக்கும் என் நன்றி. ஐயா வயசான காலத்துல ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம வந்திருக்காங்க, அதுக்கே ஒரு தடவை கைதட்டுங்க.

நம்ம செட்டிநாட்டுப் பழைய வீடுங்க இடிஞ்சு போறதுக்கு முன்னாடி படம் எடுத்து வைக்கிறதப் பத்தி மூணு விஷயம் பேசுறேன். வெளிச்சம், ஆவணம், சட்டம். வெளிச்சத்தப் பத்தி சுருக்கமா சொல்றேன், வளவுக்குள்ள, அதான் வீட்டு நடுவுல முற்றத்தச் சுத்தித் தூணு நிக்கிற இடத்துல, உச்சி வெயில்ல படம் எடுக்காதீங்க, முற்றம் வெளுத்துப்போய் தூணெல்லாம் கருப்பா விழுந்துரும், காலையில சாய்வு வெயில்ல எடுங்க. மொபைல் போதும்.

கண்ணு கெட்ட பின்னாடி சூரிய நமஸ்காரம்னு எங்க அப்பத்தா சொல்லும். நம்ம ஊர்ல நடக்கிறது அதுதான்.

போன வருஷம் பக்கத்து ஊர்ல ஒரு வீட்டுக்குப் போனேன், முகப்புல இருந்து பின்கட்டு வரைக்கும் ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுற வீடு, காவலுக்கு ஒரே ஒரு ஆச்சி. "போட்டோவெல்லாம் வேணாந்தம்பி, ஓனரு சத்தம் போடுவாக"ன்னாங்க. சரி ஆச்சின்னு திண்ணையில உக்காந்தேன், தண்ணி குடுத்தாங்க, எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளைன்னு விசாரிச்சாங்க, அப்புறம் அவங்களே எந்திரிச்சு "உள்ள வா, சுவத்தத் தொட்டுப்பாரு"ன்னாங்க. சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் போட்டு இழைச்ச சுவரு, அந்த வெயில்லயும் உள்ளங்கையில ஜில்லுங்குது! பழைய துணியில தேங்காயெண்ணெய் தொட்டு தரையில பதிச்ச பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லத் தேய்ச்சுக் காட்டினாங்க, பூவெல்லாம் பளிச்சுன்னு எந்திரிச்சு வருது. அப்புறம் வளவுல பர்மா தேக்குத் தூணுங்களப் பாத்தேன். ஒவ்வொன்னுலயும் சாக்பீஸ்ல நம்பர், 1, 2, 3ன்னு. "என்ன ஆச்சி இது?" "பங்காளிக பேசி முடிச்சுட்டாகப்பா. வியாபாரி வந்து எழுதிட்டுப் போனான், அடுத்த மாசம் கழட்டுறாக. நீ எடுத்துக்கய்யா, எல்லாத்தையும் எடுத்துக்க." எடுத்தேன். இன்னிக்கு அந்த வீடு இல்ல. அந்தப் படங்கதான் இருக்கு.

பங்காளிங்கள நான் குறை சொல்லல. 1942ல ஜப்பான்காரன் பர்மாவுல நுழைஞ்சப்ப அங்க போட்ட காசெல்லாம் போச்சு, பிள்ளைங்க சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போயிட்டாங்க, இருபது முப்பது பங்குள்ள வீட்டுக்கு ஓடு மாத்த யாரு செலவு பண்ணுவா? 2012ல பழைய கட்டடங்களக் காப்பாத்த தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் போட்டாங்க, 2014ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல செட்டிநாடு ஏறிச்சு. சந்தோஷம். ஆனா தூணு லாரியில ஏறுறது நிக்கலையே! கண்ணு கெட்ட பின்னாடி சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன செய்ய?

தலைவர் அம்மாகிட்ட இந்த மேடையிலயே கேட்டுக்கிறேன். வீட்ட இடிக்க அனுமதி கேட்டு யார் வந்தாலும், ரெண்டு நாள் படம் எடுக்க விடணும்னு தீர்மானம் போடுங்க. நிலை, வளவு, வளவ ஒட்டி ஜோடி ஜோடியா இருக்கிற இரட்டை வீட்டு அறைங்க, கிணத்தடி எல்லாம் எடுக்கணும், செதுக்கல் பக்கத்துல ஒரு அடி ஸ்கேல் வச்சு எடுக்கணும், அளவு தெரிஞ்சாத்தான் நாளைக்கு ஒரு ஆசாரி அத மறுபடி செய்ய முடியும். ஒரு காப்பி ஊர் நூலகத்துக்கு. பைசா வேணாம், நாங்களே வர்றோம். மனு எழுதி வச்சிருக்கேன், வாசல்ல மேசையில இருக்கு, போறப்ப எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.