ஃபிட்ஸ் நின்னதுக்கு அப்புறம்?

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து பேசுறேன். போன வீடியோவுக்கு நிறைய அம்மாங்க, "அக்கா, மூளை ஆபரேஷனுக்கு அப்புறம் பாப்பாவுக்கு ஃபிட்ஸ் நின்னுச்சா?"ன்னு கேட்டிருந்தீங்க. நின்னுடுச்சுங்க. ஆனா டாக்டர்கிட்ட அதோட விட்டுடாதீங்க. "புள்ள வளர்ந்தா எப்படி இருக்கும்?"னு முன்னாடியே கேளுங்க.

என் பொண்ணுக்கு வயித்துல இருக்கும்போதே மூளையில இடதுபக்கம் ரத்த ஓட்டம் அடைபட்டிருக்கு. மருந்து மாத்தி மாத்திக் குடுத்தும் வெட்டி வெட்டி இழுக்கும். கடைசியில ஹெமிஸ்ஃபெரோடமி பண்ணாங்க. பாதி மூளையையே எடுத்துடுவாங்கன்னு பயப்படாதீங்க, கெட்ட பாதிக்கும் நல்ல பாதிக்கும் இருக்கிற தொடர்பைத்தான் துண்டிக்கிறாங்க. அந்தக் காலத்துல முழுசா எடுத்தவங்களுக்குப் பல வருஷம் கழிச்சும் தலையில நீர் கோத்துக்கிச்சு. அதனாலதான் முறையே மாறுச்சு.

இப்ப நல்லா நடக்குறா, வாய் ஓயாம பேசுறா. சின்ன வயசுங்கறதால பேச்சை வலதுபக்க மூளை எடுத்துக்கிச்சு. இடதுபக்க மூளைதானே வலது கையையும் வலதுபக்கப் பார்வையையும் கவனிச்சுக்கும், அதனால அதுல குறை இருக்கு. வலது கையைத் தூக்குவா, ஆனா விரல்ல பட்டன் பிடிக்காது. ரெண்டு கண்ணுலயும் வலதுபக்கப் பார்வை இல்ல, அது திரும்பி வராது. நம்ம ரோட்டுல வண்டி முதல்ல வர்றதே வலதுபக்கத்துலேர்ந்துதானே! பாரதி ரோட்டைத் தாண்டும்போது தாடை தோள்ல படுற அளவுக்குத் திரும்பிப் பார்க்கப் பழக்கியிருக்கேன்.

படிப்புதான் பெரிய பாடு. அமெரிக்காவுல கிளீவ்லேண்ட் டாக்டருங்க, இந்த ஆபரேஷன் ஆன 115 பேரைப் பின்னாடி விசாரிச்சு 2013ல எழுதியிருக்காங்க. 83 சதவீதம் பேர் தானா நடக்குறாங்க, 70 சதவீதம் பேர் ஓரளவு நல்லாப் பேசுறாங்க, வாசிக்கிறது 42 சதவீதம் பேர்தான். என் பொண்ணுக்கு அடுத்த வார்த்தை வர்றதே கண்ணுக்குத் தெரியாத வலதுபக்கத்துலதான்! வரிக்குக் கீழ ஸ்கேல் வெச்சு, வரி முடியுற ஓரத்துல சிவப்புக் கோடு போட்டுத் தருவேன். கோடு வர்ற வரைக்கும் படிக்கணும்.

இதையெல்லாம் கேட்டுட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீங்க. டெல்லி எய்ம்ஸ்ல மருந்துக்கு அடங்காத 116 பிள்ளைங்களை ரெண்டு குழுவாப் பிரிச்சுப் பார்த்தாங்க, 2017ல முடிவு வந்துச்சு. ஒரு வருஷத்துல வலிப்பே இல்லாதவங்க, ஆபரேஷன் பண்ணவங்கள்ல 77 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவங்கள்ல 7 சதவீதம். ஆபரேஷன் ஆனதுல மூணுல ஒருத்தருக்குக் கைகால் பலவீனம் மாதிரி பாதிப்பும் இருந்துச்சு, அதையும் மறைக்கல. ரெண்டு மருந்து சரியான அளவுல குடுத்தும் நிக்கலைன்னா, வலிப்பு ஆபரேஷன் பண்ற இடத்துல ஒருதடவை காட்டிடுங்க. நம்ம நாட்டுலயே முதல் வலிப்பு ஆபரேஷன் 1952ல பக்கத்துல வேலூர் சிஎம்சியிலதான் நடந்துச்சு.

ஆபரேஷன் ஆன பிள்ளைக்கு எந்தப் பக்கப் பார்வை போயிருக்குன்னு டாக்டர்கிட்ட கேட்டு டீச்சர்கிட்ட சொல்லுங்க. வலதுபக்கம் தெரியலைன்னா வலது ஓர பெஞ்சு, அப்பதான் போர்டு இடதுபக்கம் வரும். மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க.