ஜிகாம்ப்ரி: குழந்தை கையில் கொடுக்கும் முன் பத்து நிமிஷ வேலை

[திரை: ஜிகாம்ப்ரியின் முகப்பு. வரிசை வரிசையாகப் பயிற்சிப் படங்கள்.]

வணக்கம். "படிக்கிறதுக்குன்னு ஆப் போட்டுக் கொடுத்தேன், அதுலயும் பையன் கேம்தான் ஆடுறான்"னு அலுத்துக்கிற வீடுகள் நிறைய. ஆப்பைத் திட்டுறதுக்கு முன்னாடி, அதோட செட்டிங்ஸை பெரியவங்க யாராவது ஒரு தடவை திறந்து பார்த்தாங்களான்னு கேட்டா பெரும்பாலும் பதில் இல்ல. அந்த வேலையைத்தான் இன்னைக்கு ஜிகாம்ப்ரிங்கற குழந்தைகளுக்கான படிப்பு ஆப்பை வெச்சு செஞ்சு காட்டப் போறோம்.

2000-ல ப்ரூனோ கூடோவான்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஆரம்பிச்சது இது. பேரும் பிரெஞ்சுதான். 'ஜே கோம்ப்ரி'ன்னா 'எனக்குப் புரிஞ்சிடுச்சு'. இப்போ இலவச மென்பொருள் உருவாக்குற கேடிஇ சமூகத்துத் தன்னார்வலர்கள் பார்த்துக்கிறாங்க. 2 வயசுலேர்ந்து 10 வயசு வரைக்கும், 180-க்கு மேல பயிற்சிகள். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாத்துலயும் ஓடும். முதல் நாள் குரல் கோப்புகளை இறக்க நெட் வேணும், அப்புறம் நெட் இல்லாமலே போயிடும். அக்காவுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப் பீரோ மேல தூங்கிட்டு இருக்கா? தூசி தட்டி எடுங்க, இதுக்கு அது பெரும்பாலும் போதும்.

[திரை: முகப்பின் கீழ்ப் பட்டையில் செட்டிங்ஸ் தொடப்படுகிறது.]

180 பயிற்சிங்கறதுதான் சிக்கலே. நாலு வயசுக் குழந்தை முன்னாடி எல்லாத்தையும் விரிச்சு வெச்சா, ஒவ்வொண்ணுலயும் அரை நிமிஷம் தங்கும், கடைசியில வேடிக்கைப் பகுதியில போய் உட்கார்ந்துடும். அதனால செட்டிங்ஸ்ல கடின அளவு வடிகட்டியைத் தேடுங்க. 1 முதல் 6 வரை நட்சத்திரம் இருக்கும். முதல் மூணு, 6 வயசு வரைக்கும். அடுத்த மூணு, அதுக்கு மேல. எல்.கே.ஜி. குழந்தைக்கு 1, 2 போதும். மீதியை மூடிட்டு, இந்த வாரத்துக்குன்னு மூணே மூணு பயிற்சியைப் பிடித்தவை பட்டியல்ல சேருங்க. "ரெண்டாங்கிளாஸ் கணக்கே போடுவா"ன்னு பெருமைக்காக ஒரு நட்சத்திரம் ஏத்தி வைக்கிற ஆசை எல்லாருக்கும் வரும். ஏத்தாதீங்க.

[திரை: பொருள்களை எண்ணும் பயிற்சி. பழங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன.]

இப்போ எண்ணுற பயிற்சியைக் கிட்டப் போய்ப் பாருங்க. பழங்கள் கலைஞ்சு கிடக்கு. விரலால இழுத்து நகர்த்தலாம். ஒரே மாதிரி பழங்களை ஒதுக்கி, வரிசையா வெச்சு, எண்ணி, அந்தப் பழத்துக்கு நேரா எண்ணைப் போடணும். அந்த 'ஒதுக்கி வரிசையா வைக்கிறது' இருக்கே, பாடமே அதுதான். ஏற்கனவே எண்ணினதை மறுபடி எண்ணாம இருக்க அதுதான் வழி.

ஆனா குழந்தைங்க இதுல ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சிடும். 3 போடும், சரியில்ல. 4 போடும், சரியில்ல. 5 போட்டதும் சரின்னு வந்துடும். எண்ணவே இல்ல, ஆனா நிலை மேல நிலை தாண்டிப் போகும். நீங்களும் "பரவாயில்லையே"ன்னு சந்தோஷப்படுவீங்க. காரணம், பதிலைத் தானாகவே சரிபார்க்கிற முறையில பயிற்சி ஓடிட்டு இருக்கும். அந்தப் பயிற்சிக்குள்ளேயே செட்டிங்ஸ் போய், 'ஓகே பொத்தான்' முறைக்கு மாத்துங்க. எல்லாப் பழத்துக்கும் எண் போட்டு, ஓகே அழுத்தின பிறகுதான் முடிவு வரும். அங்கே ஊகம் வேலைக்கு ஆகாது.

[திரை: கூட்டல் பயிற்சி. பென்குயின்கள் ஏறிய பலூன் மெல்ல இறங்குகிறது.]

கூட்டல் பயிற்சியில வேற பிரச்சனை. பலூன் தரையிறங்குறதுக்குள்ள விடை போடணும். விரல் விட்டு எண்ணுற குழந்தைக்கு அந்த பலூன் பயம்தான் தரும். 6+3 தெரிஞ்ச குழந்தையே பதறி 8-ன்னு போடும். அந்தப் பயிற்சியோட செட்டிங்ஸ்ல வேகம் இருக்கு. அதைக் கீழ் எல்லைக்கே இழுத்துடுங்க. விடை நாக்கு நுனிக்கு வந்த பிறகு வேகத்தை ஒவ்வொரு படியா ஏத்தலாம்.

எழுத்து விழுற விளையாட்டை ஆங்கிலத்துக்கு மட்டும் வெச்சுக்கோங்க. கீழே விழுறதுக்குள்ள அந்த எழுத்தோட விசையை அழுத்தணும், ஆட்டம் அவ்வளவுதான். தமிழுக்கு இது ஒத்துவராது. 'கொ' நமக்கு ஒரே எழுத்து, தமிழ்99 கீபோர்டுல 'க', 'ஒ'ன்னு ரெண்டு விசை. உயிர்மெய்யே தெரியாத குழந்தைக்கு அது குழப்பம். தமிழ் எழுத்துக்கு சிலேட்டும் அரிசித் தட்டும்தான்.

[திரை: ஆண்ட்ராய்டு டேப்லெட். ஆப் பின்னிங் காட்டப்படுகிறது.]

ஆண்ட்ராய்டா இருந்தா, திரையை ஒரே ஆப்போட பூட்டி வைக்கிற ஆப் பின்னிங்கை ஆன் பண்ணுங்க. போனோட செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி பகுதியில இருக்கும், சில போன்ல பெயர் லேசா மாறும். சமீபத்திய ஆப் பட்டியலைத் திறந்து, ஜிகாம்ப்ரி ஐகானைத் தொட்டு, 'பின்' (Pin)ங்கறதைத் தொடுங்க. வெளியே வரும்போது லாக் கேக்கிற மாதிரி வெச்சுட்டா, யூடியூப் பக்கம் தாவ முடியாது. லாக் பேட்டர்ன் குழந்தைக்குத் தெரியாம இருக்கணும், அதையும் சொல்லிடுறோம்.

நேரம் ஒரு தடவைக்கு 15 நிமிஷம். 2 முதல் 4 வயசு வரை, டிவி, போன் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லியிருக்கு.

[திரை: தரையில் புளியங்கொட்டைகள்.]

ஆப்பை மூடின உடனே அதே கணக்கைத் தரையில போடுங்க. ரெண்டு கைப்பிடி புளியங்கொட்டையும் சோழியும் கலந்து கொட்டி, "எது எத்தனை?"ன்னு கேளுங்க. குழந்தை தானா பிரிச்சு வரிசை வெச்சு எண்ணினா, அடுத்த வாரம் வடிகட்டியில ஒரு நட்சத்திரம் கூட்டலாம். குவியலை அப்படியே விரலால குத்திக் குத்தி எண்ணினா, இன்னும் ஒரு வாரம் அதே பழங்கள்தான்.