காதுக்கும் பெட்டிக்கும் நடுவில் எத்தனை அடி?

நேயர்களுக்கு வணக்கம்.

என் குரலை நீங்கள் அடுப்படி மேடையில் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டரில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். என்னைப் போன்ற ஆண்குரலின் அடித்தளம் விநாடிக்கு 100, 120 அதிர்வு. அந்த செட்டுக்குள் இருக்கும் மூன்று அங்குல ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே ஒழுங்காக இறங்க முடியாது. ஆனாலும் யாரோ சின்னப் பையன் பேசுகிறான் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. அடித்தளத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகள் உங்கள் காதுக்கு வந்துவிடுகின்றன. அவற்றை வைத்துக்கொண்டு, வராததை மூளையே போட்டு நிரப்பிக்கொள்கிறது. பழைய தொலைபேசியில் 300க்குக் கீழே எதுவும் வராது. அப்படியும் “அப்பா பேசுறேன்” என்றால் முதல் சொல்லிலேயே ஆளைக் கண்டுபிடித்தோம் இல்லையா, அதே வேலைதான் இதுவும்.

வீட்டுக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் சின்னதா, பெரியதா என்று குழம்பி நிற்கும்போது இதைத்தான் முதலில் சொல்வேன். செய்தி, பேச்சு, காலையில் ஓடும் பக்திப் பாட்டு, சமையல் நேரத்துப் பழைய பாட்டு, இதற்கெல்லாம் உள்ளங்கைப் பெட்டி போதும். அதன் குறையை உங்கள் மூளை சரிக்கட்டிக்கொள்ளும்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் மேலூர்ப் பக்கம் மைக் செட் போட்டவன். காதுகுத்து, கல்யாணம், திருவிழா என்று எத்தனையோ மரத்தில் ஏறிக் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருக்கிறேன். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. ஒரு சின்ன சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். “அண்ணே, எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?” என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். “எங்கே வைப்பீங்க, எங்கே உட்கார்ந்து கேட்பீங்க?” என்று நான் திருப்பிக் கேட்பேன். சம்பந்தமில்லாமல் பேசுகிறானே என்பதுபோல் பார்ப்பார்கள்.

அந்தக் கூம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 வாட் கொடுத்தால் பக்கத்து ஊர்வரை பாட்டுக் கேட்கும். ஆனால் தவில் ‘தொம்’ என்று விழாது, தகர டப்பாவைத் தட்டியதுபோல் விழும். மண்டபத்துக்குள் நெஞ்சில் இடிக்கிற மாதிரி பேஸ், அதாவது அடி ஒலி, வேண்டும் என்று கேட்டால், ஆள் உயரப் பெட்டியை மினி லாரியில் ஏற்றியாக வேண்டும். நாங்கள் தோளில் சுமந்து தெரிந்துகொண்டதை, கே.எல்.எச். என்ற அமெரிக்க ஸ்பீக்கர் கம்பெனியைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மன் 1960களில் ஒரு விதியாகவே சொல்லிவைத்தார். ‘ஹாஃப்மனின் இரும்பு விதி’ என்பார்கள். ஆழமான பேஸ் வேண்டும், குறைந்த கரண்டில் நிறையச் சத்தம் வேண்டும், பெட்டியும் சின்னதாக இருக்க வேண்டும். இந்த மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மூன்றும் சேர்ந்து கிடைக்காது. அறுபது வருஷம் ஆகியும் அந்த விதியை யாரும் வளைக்கவில்லை.

ஏன் என்றால், பேஸ் என்பது காற்றைத் தள்ளுகிற வேலை. அதே சத்தத்தோடு ஒரு ஸ்தாயி கீழே, அதாவது பாதி அதிர்வுக்கு, இறங்க ஸ்பீக்கரின் கோன் என்கிற துடிக்கும் தாள் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். உள்ளங்கைப் பெட்டிக்குள் அதற்கு ஏது இடம்?

ஒரே கம்பெனியின் மூன்று அளவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது புரியும். ஜேபிஎல் கோ 3 என்பது 200 கிராமுக்குக் கொஞ்சம் கூட, சோப்புப் பெட்டி அளவு. கம்பெனி தரும் கணக்குப்படி 110 அதிர்வுக்குக் கீழே அது இறங்காது. அதற்கு மேலே ஃபிளிப் 6, தண்ணீர் பாட்டில் மாதிரி, 550 கிராம், 63 வரை இறங்கும். மேல் படியில் பூம்பாக்ஸ் 3, ஆறு கிலோ 700 கிராம், 40 வரை போகும். முதல் படியில் எடை மூன்று மடங்குகூட ஏறவில்லை, பேஸ் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி இறங்கிவிட்டது. இரண்டாவது படியில் எடை பன்னிரண்டு மடங்கு. இறங்கியதோ முக்கால் ஸ்தாயிகூட இல்லை. சத்தம் ஏகப்பட்டது கூடுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தை வீட்டுக்குள் வைத்து என்ன செய்வது?

நடுத்தர அளவின் மேல் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஒரு கட்டை சுருதியில் ஆண் பாடகர் பாடும்போது பின்னால் மீட்டுகிற தம்பூராவின் கடைசித் தந்தி ஏறக்குறைய 65 அதிர்வு. தண்ணீர் பாட்டில் அளவுப் பெட்டி அதைத் தொட்டுவிடுகிறது. மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலந்தலை என்கிற வலக்கைப் பக்கத் தோலின் நடுவில் கருஞ்சாந்து அப்பியிருப்பார்கள். அதனால்தான் மற்றத் தோல் கருவிகளில் தாறுமாறாக வருகிற மேல் அதிர்வுகள் இதில் தந்தி வாத்தியத்தைப் போல ஒழுங்கான மடங்குகளாக வருகின்றன என்று சி.வி. ராமன் 1920இல் நேச்சர் இதழில் எழுதினார். மடங்குகள் ஒழுங்காக இருப்பதால் சின்ன ஸ்பீக்கரிலும் வலந்தலை பேசும். இடக்கைப் பக்கத் தொப்பிதான் மாட்டிக்கொள்ளும். ரவை அப்பிய அந்தத் தோலில் உள்ளங்கையை அழுத்திக் கும்கி கொடுப்பார்களே, அது உள்ளங்கைப் பெட்டியில் ‘டப்’ என்று செத்துப் போகும். தனி ஆவர்த்தனத்தை விரும்பிக் கேட்கிற வீடு என்றால் சின்னதை வாங்காதீர்கள்.

இந்த பாட்டில் ஸ்பீக்கர்களில் ஒரு தந்திரம் இருக்கிறது. இரண்டு முனையிலும் வட்டமாக ஒரு ரப்பர் தகடு துடித்துக்கொண்டிருக்கும் பாருங்கள், அதற்கு வயர் இணைப்பே கிடையாது. உள்ளே இருக்கும் கோன் காற்றை அழுத்த, அந்தக் காற்று இந்தத் தகட்டைத் தள்ளுகிறது. சந்தேகம் இருந்தால் பெட்டியை நிமிர்த்தி வைத்து, மேல்முனையில் நாலு கடுகைப் போட்டுப் பாட்டை ஓட விடுங்கள். பேஸ் வரும்போதெல்லாம் கடுகு குதிக்கும். எங்கள் கடைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் காட்டுகிற ஒரே வித்தை இதுதான். அந்தத் தகடு கிழிந்தாலோ, பிள்ளைகள் விரலால் குத்தி அமுக்கிவிட்டாலோ பேஸ் போச்சு.

சரி, வாட்ஸுக்கு வருவோம். 10 வாட்டை 20 வாட் ஆக்கினால், சத்தத்தை அளக்கும் கணக்கில் 3 டெசிபெல்தான் கூடும். கூடியிருக்கிறதே என்று காது கவனிக்கும், அவ்வளவுதான். இரண்டு பங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் வாட்ஸ் பத்து மடங்கு ஆக வேண்டும். அட்டைப் பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்று, விளம்பரத்துக்காகக் காட்டும் உச்ச வாட்ஸைப் போட்டு ஆயிரக்கணக்கில் ஓர் எண் இருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதை, அதாவது தொடர்ந்து ஓடுகிற வாட்ஸை, மட்டும் பாருங்கள். ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் காலத்திலேயே அந்த ஸ்டிக்கரை நம்பி ஏமாந்தவர்கள் நாம்.

தூரத்தின் கணக்கு வேறு. திறந்த வெளியில் நீங்கள் நிற்கும் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் குறையும். அதை ஈடுகட்ட நான்கு மடங்கு வாட்ஸ் வேண்டும். வீட்டுக்குள் சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதால் இவ்வளவு மோசமாகாது, ஆனாலும் போக்கு இதுதான். அதனால் மூன்றடியில் இருக்கும் 5 வாட் பெட்டி, பன்னிரண்டு அடியில் இருக்கும் பெரிய பெட்டியோடு நிமிர்ந்து நின்று போட்டி போடும். பத்துக்குப் பத்து படுக்கையறையில் தலைமாட்டில் வைப்பதற்குக் கையகலப் பெட்டி தாராளம். பன்னிரண்டுக்குப் பதினெட்டு ஹாலில் நாலைந்து பேர் உட்கார்ந்து கேட்பதென்றால் பாட்டில் அளவு, இல்லாவிட்டால் அதற்கு ஒரு படி மேலே ஒரு கிலோ எடையில் வருகிற அளவு. மொட்டை மாடிதான் சிக்கல். அங்கே திருப்பி அனுப்பச் சுவரே இல்லை. வீட்டுக்குள் அட்டகாசமாகப் பாடிய பெட்டி மாடியில் கொசு மாதிரி கேட்கும்.

இதில் எங்கள் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. என் மகன் முதல் சம்பளத்தில் அப்பத்தாவுக்கு என்று ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தான். தூக்கிக்கொண்டு வரும்போதே மூச்சு வாங்கியது. “என்னடா இது, கோயிலுக்கா?” என்றேன். “அப்பத்தாவுக்குக் காது மந்தம்பா, அதான் பெரிசா எடுத்தேன்” என்றான். கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஹாலில் டிவி மேசைக்குப் பக்கத்தில் வைத்தோம். என் அம்மா இருப்பதோ அடுப்படியில். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாட்டு எங்கடா கேக்குது? எங்கேயோ மாவு மில்லு ஓடுற மாதிரில்ல இருக்கு.”

அம்மா சொன்னது அட்சர சுத்தமாக உண்மை. பேஸ் வாசற்படியைச் சுற்றி வளைந்து வரும், சுவரைத் தாண்டியும் வரும். பாட்டின் வார்த்தைகள் அப்படி வருவதில்லை. அதோடு வயதாகும்போது காது முதலில் இழப்பது மேல் அதிர்வுகளை. ச, த, க போன்ற மெல்லிய உரசல்களும் வெடிப்புகளும்தான் ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. அவை அந்த மேல் அதிர்வுகளில்தான் இருக்கின்றன. பேஸை ஏற்ற ஏற்ற, மிச்சம் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தையும் அதன் அடியில் அமுங்கிப் போகும். காது மந்தமானவருக்குப் பெரிய பெட்டி என்பது கண் மங்கியவருக்குப் பெரிய விளக்கை அடுத்த அறையில் ஏற்றிவைப்பது மாதிரி.

கடையிலிருந்து ஓர் உள்ளங்கை ஸ்பீக்கரைக் கொண்டுவந்து, அம்மா நிற்கிற இடத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி, காது உயரத்துக்கு அரிசி டின் மேல் வைத்தேன். பாதிச் சத்தம்கூட வைக்கவில்லை. அம்மா தானாகவே கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்தார். மகனுக்கு முகம் வாடிப் போயிற்று, அது வேறு விஷயம்.

எங்கே வைக்கிறோம் என்பதிலேயே பெட்டியின் அளவை ஒரு படி ஏற்றலாம், இறக்கலாம், காசு செலவே இல்லாமல். மேசை நடுவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரைச் சுவரோரமாக நகர்த்துங்கள், பேஸ் கூடும். இரண்டு சுவர் சேரும் மூலைக்குக் கொண்டுபோனால் இன்னும் கூடும். பெரிய பெட்டி ‘கும்’மென்று அடைத்துக்கொண்டு கேட்டால் மூலையிலிருந்து வெளியே எடுங்கள். தட்டு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். எவர்சில்வர் கிணுகிணுக்கிறதா, பாட்டில் ஜால்ரா வருகிறதா என்றே தெரியாது.

பெரியதாக ஒன்றா, ஒரே மாதிரி நடுத்தரமாக இரண்டா என்றும் கேட்கிறார்கள். ஹாலில் ஒரே இடத்தில் உட்கார்ந்து பாட்டை ரசித்துக் கேட்பவர் என்றால் இரண்டு. இடம் வலம் பிரிந்து, பாடகர் நடுவில் வந்து நிற்பார். ஒற்றைப் பெட்டி எவ்வளவு பெரியதானாலும் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் அந்தப் பிரிவு தெரியாது. வாங்கும் முன் இரண்டும் ஸ்டீரியோவாக ஜோடி சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனியிலேயே ஒரு மாடல் இன்னொன்றோடு சேராமல் முரண்டு பிடிக்கும்.

கடையில் சோதிக்கும்போது கடைக்காரர் போடும் பாட்டில் மயங்காதீர்கள். அது பேஸைக் காட்டுவதற்காகவே பொறுக்கிய பாட்டு. நானும் கடைக்காரன்தான், தெரிந்தே சொல்கிறேன். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டையும், யாராவது சும்மா பேசுகிற ஒரு பதிவையும் போனில் இறக்கிக்கொண்டு போங்கள். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். கொஞ்சம் சத்தமாக ஓடுவதைத்தான் காது நல்லது என்று சொல்லும். கடை இரைச்சலில் சின்னது பரிதாபமாகத் தெரியும், வீட்டில் அப்படி இருக்காது. அப்புறம் வால்யூமை நன்றாகக் குறைத்தும் கேளுங்கள். வீட்டில் பாதி நேரம் நீங்கள் கேட்கப்போவது அந்த அளவில்தான்.

டிவிக்குப் போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ப்ளூடூத்தில் ஒலி கொஞ்சம் தாமதமாக வரும், வாய் அசைந்த பிறகு வசனம் கேட்கும். வயர் செருகும் துளை உள்ளதாகப் பார்த்து எடுங்கள். ஒரே இடத்தில் இருக்கப்போகும் பெட்டிக்கு பேட்டரியே வேண்டாம், நேரே பிளக்கில் ஓடுவது போதும். ராத்திரி பகலாக சார்ஜில் கிடந்து பேட்டரி உப்பிய செட்டுகள் மாதத்துக்கு இரண்டாவது என் மேசைக்கு வருகின்றன.

பக்கத்து வீட்டுக்காரரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை 45. அடுக்குமாடி வீட்டில் பெரிய பெட்டியை வைத்துக்கொண்டு இதற்குள் நிற்பது, காரை முதல் கியரிலேயே ஓட்டுகிற கதை.

மகன் வாங்கிய பெட்டி வீணாகவில்லை. தங்கச்சி மகள் சடங்குக்கு மொட்டை மாடியில் பந்தல் போட்டோம், அங்கே அதுதான் பாடியது. நான் கூம்பு கட்ட வேண்டியிருக்கவில்லை. இப்போது தெருவில் யார் வீட்டு மாடியில் விசேஷம் என்றாலும் வந்து இரவல் கேட்கிறார்கள். மகன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறான், வாடகை வாங்குவதில்லை. அது ஒன்றுதான் எனக்கு இடிக்கிறது.

நன்றி, வணக்கம்.