480 மூட்டையும் ஒரு கையெழுத்தும்

நடுவர் ஐயா அவர்களே, அவையோரே, மியான்மரின் யாங்கோனில் ஏற்றுமதி பற்றிப் பட்டிமன்றம் வைத்துவிட்டு, உளுந்தைப் பேசாமல் இறங்கினால் என்னை வீட்டில் சேர்க்க மாட்டார்கள்.

"ஏற்றுமதியைத் தாங்குவது பெருநிறுவனங்களா, சிறு நடுத்தர வணிகர்களா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், "சின்ன வியாபாரியிடம் கப்பல் இருக்கிறதா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார். இல்லை அண்ணே. பெரிய கம்பெனியிடம் உளுந்து இருக்கிறதா?

இருபதடிக் கண்டெய்னரில் ஏறக்குறைய 24 டன் ஏறும். ஐம்பது கிலோ மூட்டைக் கணக்கில் 480 மூட்டை. ஐராவதி, பகோ பக்கம் நெல் அறுத்த கையோடு, வயலில் மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பி உளுந்து விதைக்கிறார்கள். பெரும்பாலும் சில ஏக்கர்க்காரர்கள். அவர்களிடம் பத்தும் இருபதுமாக மூட்டை சேர்ப்பவர் ஊர்த் தரகர். அதைக் காயவைத்து, கல்லும் தூசியும் நீக்கி அனுப்புபவர் டவுன் கடைக்காரர். அப்புறம் இங்கே யாங்கோனில் இருக்கும் பயின்னவுங் மொத்தச் சந்தை. அங்கே ஒரு கடையில் நின்று பாருங்கள். தட்டில் கொட்டிய உளுந்தைக் கையால் அளைந்து, நாலைந்து மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பார் கடைக்காரர். 'டக்' என்றால் காய்ந்த சரக்கு. சத்தமில்லாமல் நசுங்கினால் ஈரம்; கடல் தாண்டுவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். எஸ்.கியூ என்ற உயர்ந்த தரமா, எஃப்.ஏ.கியூ என்ற சராசரித் தரமா என்ற பேச்செல்லாம் அந்தக் கடிக்கு அப்புறம்தான். கடைசியில் கப்பல் காகிதத்தில் பெரிய கம்பெனிக்காரர் கையெழுத்துப் போடுகிறார். சரி, போடட்டும்.

"2017-இல் இந்தியா பருப்பு இறக்குமதிக்கு உச்சவரம்பு போட்டபோது உங்கள் ஆட்கள் கவிழ்ந்தார்களே" என்று அடுத்துப் பேச வரும் தங்கை கேட்பார். கவிழ்ந்தார்கள்தான். விலை சரிந்து, வாங்கிவைத்த மூட்டையைப் பார்த்துக்கொண்டே தூக்கம் கெட்டவர்கள் இந்த அவையிலேயே இருப்பார்கள். ஒரே சரக்கு, ஒரே பெரிய வாடிக்கை. இது எங்கள் பக்கத்துப் பலவீனம், மறைக்க மாட்டேன். பெரிய கம்பெனிக்கு உளுந்து இல்லாவிட்டால் அரிசி, சோளம். ஆனால் அடுத்த பருவம் அந்தச் சில ஏக்கர் விவசாயி வாசலில் போய் நின்றவர் யார்? 2021-இல், ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் தனியார் வணிகர் வழியாக ஐந்து ஆண்டு வாங்க இந்தியா ஒப்புக்கொண்டதே, அப்போது கொடுக்க இங்கே சரக்கு இருந்தது.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடிக்கிறேன். அண்ணனுக்கு ஒரு கேள்வி: உங்கள் பெரிய கம்பெனிக்காக உளுந்தைக் கடித்துப் பார்ப்பவர் மாதச் சம்பளக்காரரா, பயின்னவுங்கில் கடை வைத்திருப்பவரா?