மஜெஸ்டிக் என்று எதைச் சொல்லலாம்?

வணக்கம். கொழும்பு பம்பலப்பிட்டியில் இருக்கிற எம்.சி.யை, அதாவது மஜெஸ்டிக் சிட்டி கடைத்தொகுதியைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். அதன் முழுப்பெயரில் வருகிற மஜெஸ்டிக் என்ற சொல்லைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் ஆங்கிலக் கட்டுரையில் பெரியது, அழகானது, பிடித்தது எல்லாவற்றுக்கும் அதையே தூக்கி வைக்கிறார்கள், நல்ல சொல் ஒன்று இப்படித் தேய்வது எனக்கு உண்மையிலேயே கவலை.

வேர் லத்தீன். 'இன்னும் பெரிய' என்று பொருள்படும் மையோர் என்ற சொல்லுக்கு உறவான மயெஸ்தாஸ், அதாவது மேன்மை. உரோம் குடியரசாக இருந்த காலத்தில் அந்த மேன்மை உரோம மக்களுக்கு உரியது, அதைக் குறைப்பவர் குற்றவாளி. பேரரசர்கள் வந்தார்கள், திபேரியஸ் காலத்தில் பேரரசரைப் பழித்துப் பேசினாலே அந்தக் குற்றம் பாயத் தொடங்கிவிட்டது. ஊருக்கே உரியதை ஒரு ஆள் எடுத்துக்கொண்டது போலத்தான் எனக்குப் படுகிறது. அப்புறம் அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ராஜா, ராணிகளின் பட்டமாயிற்று. 1972 இல் இலங்கை குடியரசாகும்வரை எங்களுக்கும் 'மாட்சிமை தங்கிய மகாராணி' இருந்தார். மாட்சிமை என்பது அருமையான தெரிவு, திருக்குறளின் 39 ஆவது அதிகாரமே இறைமாட்சிதான். பார்க்கப் போனால் எளிதில் பார்க்க முடிகிற, கடுஞ்சொல் பேசாத மன்னனின் நாட்டைத்தான் உலகம் உயர்த்திப் பேசும் என்கிறார் வள்ளுவர்.

சரி, எங்கே பயன்படுத்துவது? உயரம் மட்டும் போதாது. பிதுருதலாகலை 2524 மீற்றர், நாட்டிலேயே உயர்ந்த மலை. சிவனொளிபாதமலை 2243 தான், ஆனாலும் சுற்றியுள்ள மலைகளை விட்டுத் தனியே கூம்பாக எழுந்து நிற்கிற அதைப் பார்த்துத்தான் மஜெஸ்டிக் என்ற சொல் வாயில் வரும். பெரிதாக இருக்கவேண்டும், தன் பெருமையைக் காட்ட அவசரப்படாமலும் இருக்கவேண்டும். மின்னேரியாக் குளக்கரைக்கு ஆறுதலாக நடந்து வரும் யானைக் கூட்டத்துக்குச் சொல்லலாம், ஆழ்ந்த குரலுக்கும் சொல்லலாம், துள்ளி ஓடுகிற முயலுக்குச் சொல்ல முடியாது. கலியாண வீட்டுச் சாப்பாடு பிரமாதம் என்றால் மக்னிஃபிசன்ட் என்று சொல்லுங்கள், அது சாப்பாட்டுக்கும் பொருந்தும். காலிமுகத்திடலில் 1930 இல் திறந்த பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் தூண் வரிசைக்கு இரண்டும் சரி, ஆனால் அதன் ஒழுங்குக்கும் நிதானத்துக்கும் ஸ்டேட்லி இன்னும் கிட்ட வருகிறது என்பது என் கருத்து.

உச்சரிப்பையும் கவனியுங்கள் பிள்ளைகள். மாஜஸ்டி என்ற பெயர்ச்சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழும், மஜெஸ்டிக் என்று பெயரடையாகும்போது 'ஜெ'யில் விழும், மஜெஸ்டிகலி என்று வினையடையானாலும் அங்கேதான். மேடையில் பேசப்போகிறவர்கள் மூன்றையும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.