பேஸ் கிட்டார் இல்லாத ஃபங்க் பாட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ஃபங்க் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் நடன இசை. அதில் ஆட்டத்தைத் தொடங்கிவைப்பது, தாழ்ந்த கனத்த ஒலி தரும் பேஸ் கிட்டார். டிரம்ஸின் உதைக்குப் பக்கத்திலேயே நின்று இடுப்பை அசைக்கும் ஒலி அது. அப்படியிருக்க, பேஸ் கிட்டாரே இல்லாத ஒரு ஃபங்க் பாட்டு 1986 ஏப்ரலில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் பாடிய 'கிஸ்'. 'பரேட்' என்ற அவருடைய ஆல்பத்தில் வரும் பாட்டு. நம்ம ஊரில் மைக்கேல் ஜாக்சனைத் தெரிந்த அளவுக்குப் பிரின்ஸைத் தெரியாது. அதனாலேயே இந்தப் பாட்டு உருவான விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

இடம், ஹாலிவுட்டில் உள்ள சன்செட் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடம். வருடம் 1985. அங்கே ஒரு அறையில் பிரின்ஸ் தன் வேலையில் மூழ்கியிருக்கிறார். பக்கத்து அறையில் மசராட்டி என்ற புதிய குழு தன் முதல் ஆல்பத்துக்காகப் பாடிக்கொண்டிருக்கிறது. பிரின்ஸின் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த பிரவுன் மார்க் உருவாக்கிய குழு அது. அவர்களுக்குத் தயாரிப்பாளராக மினியாபொலிஸிலிருந்து வந்திருந்தவர் டேவிட் ரிவ்கின். எல்லோரும் அவரை டேவிட் இசட் என்றே அழைப்பார்கள். பிரின்ஸின் டிரம்ஸ் கலைஞர் பாபி இசட்டின் அண்ணன்.

மசராட்டிக்குப் பாட்டு தேவைப்பட்டது. பிரின்ஸ் ஒரு கேசட்டைக் கொடுத்தார். அதில் இருந்தது அவர் குரலும் ஒரு சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரும்தான். முழுப் பாட்டுகூட இல்லை, ஒரு சரணமும் பல்லவியும். கேட்டால் நாட்டுப்புறப் பாட்டு மாதிரி இருந்ததாம். இதை வைத்து என்ன செய்வது என்று குழுவுக்குப் பிடிபடவில்லை.

டேவிட் இசட் இரவெல்லாம் உட்கார்ந்தார். அவர் செய்ததில் ஒரு வேலையை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். டிரம் மெஷினில் ஹை-ஹாட் தட்டின் ஒலியை எடுத்து, அதை ஒரு டிலே கருவிக்குள் அனுப்பினார். மூல ஒலிக்கும் தாமதித்து வரும் அதன் எதிரொலிக்கும் இடையே மாறி மாறிப் போனபோது, கையால் புரோகிராம் செய்து கொண்டுவர முடியாத ஒரு துள்ளல் கிடைத்தது. அப்புறம் கிட்டாரில் கார்டுகளை வாசித்து, அந்த ஒலிக்கு ஒரு கேட் போட்டார். ஒரு ஒலி வரும்போது மட்டும் இன்னொரு ஒலியைத் திறந்துவிடும் கருவி அது. இங்கே திறந்துவிடும் அதிகாரம் ஹை-ஹாட்டுக்கு. கிட்டாரை இழுத்து வாசித்தாலும், ஹை-ஹாட் 'சிக்' என்று தட்டும் கணங்களில் மட்டுமே அது வெளியே கேட்கும். வாசித்தது மனிதக் கை, வெட்டியது இயந்திரம். பாட்டு முழுக்க நறுக் நறுக்கென்று ஓடும் அந்தத் தாளம் பிறந்தது இப்படித்தான்.

பியானோ வாசிப்பை ராக் அண்ட் ரோல் கலைஞர் போ டிட்லியின் பழைய பாட்டு ஒன்றிலிருந்தும், பின்னணிக் குரல்களின் பாணியைப் பாடகி பிரெண்டா லீயிடமிருந்தும் எடுத்துக்கொண்டதாக அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மசராட்டி பாடியது, பேஸ் கிட்டாரும் சேர்ந்தது. விடியும்போது எல்லோரும் களைத்துப்போய்த் தூங்கப் போனார்கள்.

மறுநாள் திரும்பி வந்தால் பாட்டு அவர்கள் கையில் இல்லை! பிரின்ஸ் நாடாவைக் கேட்டிருக்கிறார், பிடித்துப்போயிருக்கிறது, திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார். உங்களுக்குத் தருவதற்கு இது மிகவும் நன்றாக இருக்கிறது என்பதுதான் அவர் சொன்ன சமாதானம். முன்னணிக் குரலை எடுத்துவிட்டுத் தானே கள்ளக்குரலில், அதாவது இயல்புக்கு மேலே போகும் மெல்லிய உச்சக் குரலில், பாடினார். ஃபங்க் முன்னோடி ஜேம்ஸ் பிரவுன் பாணியில் ஒரு கிட்டார் வெட்டைச் சேர்த்தார். பேஸ் கிட்டாரை நீக்கினார். 1984-இல் ஒரு பாட்டில் இதே வேலையைச் செய்து முதலிடம் பிடித்தவர் என்பதால் அவருக்குக் கை நடுங்கவில்லை.

அடி ஒலி இல்லாமல் பாட்டு அந்தரத்தில் தொங்குமே என்று தோன்றும். அதற்குத்தான் கால் டிரம்மின் ஒலியை ஒரு டிஜிட்டல் ரிவெர்ப் கருவிக்குள், அதாவது பெரிய கூடத்தில் ஒலிப்பது போன்ற முழக்கத்தைச் சேர்க்கும் கருவிக்குள், அனுப்பி, அந்த முழக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி வீங்க வைத்தார்கள். ஒவ்வொரு 'டும்' ஒலியும் கொஞ்சம் கொழுத்து, பேஸ் இருக்க வேண்டிய இடத்தை ஓரளவு நிரப்பிவிடுகிறது. மற்றபடி எதிரொலி, ரிவெர்ப் எதுவும் கிட்டத்தட்ட இல்லை. 24 டிராக், அதாவது தனித்தனியாகப் பதியும் 24 ஒலித்தடங்கள், வசதி இருந்த காலத்தில் இந்தப் பாட்டு 9 டிராக்குகளோடு நின்றுகொண்டது. அவற்றை ஒன்றாகக் கலக்கும் மிக்சிங்கும் சட்டென்று முடிந்துவிட்டது. எண்பதுகளின் பாட்டுகள் பலவும் ரிவெர்ப் குளத்தில் நனைந்து கிடந்தபோது, இது மட்டும் காய்ந்த துணி மாதிரி விறைப்பாக வந்தது. இன்றும் பழசாகாமல் கேட்பதற்கு அந்த வறட்சிதான் காரணம் என்பது என் எண்ணம்.

பிரின்ஸின் இசைத்தட்டுகளை வெளியிட்ட வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் இது எடுபடவில்லை. பேஸ் இல்லை, ரிவெர்ப் இல்லை, மாதிரிப் பதிவு போல இருக்கிறது என்றார்களாம். பிரின்ஸ் பிடிவாதமாக நின்றார், இதைத் தவிர வேறு எதையும் தருவதாக இல்லை என்று. கடைசியில் 1986 பிப்ரவரியில் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக, வெளிவந்தது, மார்ச் இறுதியில் ஆல்பம். ஏப்ரலில் இரண்டு வாரம் முதலிடம். அப்போது இரண்டாம் இடத்தில் இருந்தது பேங்கிள்ஸ் என்ற பெண்கள் குழுவின் பாட்டு. அதை எழுதியவரும் பிரின்ஸேதான், கிறிஸ்டோபர் என்ற புனைபெயரில். மறு ஆண்டு 'கிஸ்' கிராமி விருதும் வாங்கியது. எந்தப் படத்துக்காக அந்த ஆல்பம் உருவானதோ அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஜூலையில் வந்து படுத்துவிட்டது. அதைப் பற்றிப் பேச அதிகமில்லை.

ஒரு வேடிக்கை. நடன அரங்குகளுக்காக 12 அங்குல இசைத்தட்டில் ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் நீண்ட வடிவமும் வந்தது. அதன் பின்பாதியில் பேஸ், பித்தளைக் கருவிகள் எல்லாம் வந்து சேர்ந்துகொள்கின்றன. நல்ல குதூகலமான வாசிப்புதான். ஆனாலும் எனக்கு முதல் பாதிதான் பிடிக்கும்.

இந்தப் பாட்டு யாருடையது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. எழுதியவர் என்று இருப்பது பிரின்ஸ் பெயர் மட்டும். மெட்டும் வரிகளும் அவருடையவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் நாம் காதால் கேட்கும் தாளக்கட்டு டேவிட் இசட்டின் ஒரு ராத்திரி உழைப்பு. அவருக்கு இசை அமைவு என்ற தலைப்பில் பெயர் போட்டார்கள். மசராட்டியின் பின்னணிக் குரல்களைப் பிரின்ஸ் அழிக்கவில்லை. இன்றைக்கும் அவர் குரலுக்குப் பின்னால் பாடுவது அவர்கள்தான். பறிகொடுத்த பாட்டு போக, பிரின்ஸ் எழுதிய '100 எம்.பி.எச்.' என்ற வேறொரு பாட்டு அவர்கள் ஆல்பத்தில் இடம்பெற்றது. அந்த ஆல்பமும் 1986-லேயே, பிரின்ஸின் பெய்ஸ்லி பார்க் நிறுவனத்தின் வழியாக வந்தது. 'கிஸ்' ஓடிய ஓட்டம் அதற்கு வாய்க்கவில்லை.