எந்த அடுப்புக்குக் கேக்குறீக?

(காரைக்குடியில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, ஆச்சிமார்களே, வணக்கம்.

குடும்பக் கணக்கெடுப்புக்காக நம்ம ஊர்ப்பக்கத்து வீடு ஒன்றுக்குப் போனேன். வளவு முற்றத்தில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஆச்சியிடம், "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டேன். "எந்த அடுப்புக்குக் கேக்குறீக தம்பி?" என்றார்கள். ஒரு கூரை, மூன்று அடுப்பு. மகனுக்குக் கல்யாணமானால், அதே வீட்டில் தனி அடுப்பாக வேறு வைப்பது இங்கே வழக்கம். என் படிவத்தில் இருந்ததோ ஒரே கட்டம்!

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968-ல் ஏறக்குறைய 5,000 குடும்பங்களைக் கணக்கெடுப்புக்குப் பிடித்தது. இன்னும் விடவில்லை. 1997 வரை வருஷா வருஷம், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனால் அந்த வீட்டுக் கதவையும் தட்டுகிறார்கள். அப்படித் தொடர்ந்ததால்தான், இந்த வருஷம் வறுமையில் இருப்பவர்களில் பலர் சில வருஷத்தில் கரையேறுவதும், ஒரு சாவோ மணமுறிவோ வேலை இழப்போ வேறு சிலரை உள்ளே தள்ளுவதும் தெரியவந்தது. ஒருமுறை மட்டும் எண்ணிவிட்டு வந்தால் இந்தப் போக்குவரத்து கண்ணில் படாது.

நம் நாட்டிலும் 2004-05-ல் 41,554 வீடுகளில் விசாரித்து, 2011-12-ல் நூற்றுக்கு 83 வீடுகளைத் திரும்பப் பார்த்தார்கள். பெரிய உழைப்பு. ஆனால் என் மனசு அந்த விட்டுப்போன 17-ல்தான் நிற்கிறது. இடம் மாறிய குடும்பத்தில்தானே கதையே இருக்கிறது?

ஆளைத் தொடர்வது செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாருக்குப் புதிதில்லை. கல்யாணமானால் கணவனும் மனைவியும் சேர்ந்து கோயில் கணக்கில் ஒரு குடும்பம், அதாவது ஒரு புள்ளி. கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்ய, பர்மா போனாலும் மலேயா போனாலும் அந்தப் புள்ளி இளையாற்றங்குடியிலோ மாத்தூரிலோ, தன் நகரக் கோயில் கணக்கில் இருக்கும். வரவு செலவுக்குப் பேரேடு, ஐந்தொகை. இவ்வளவு ஒழுங்காக எழுதிவைத்த ஊர் இது.

அந்த ஆச்சி வீட்டுப் பின்கட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாவும் எங்கள் பட்டியலில் இருந்தார். அடுத்த சுற்றில் அவர் வீடு பூட்டிக் கிடந்தது. மகனோடு திருப்பூர் போனதாக ஒருவர் சொன்னார், கோயம்புத்தூர் என்றார் இன்னொருவர். அவருக்குப் புள்ளியும் இல்லை, பேரேடும் இல்லை. மூன்றாம் நாள், அதே ஆச்சியின் நாட்காட்டி ஓரத்தில் அவருடைய மகன் கைபேசி எண் கிடைத்தது.

உங்கள் வீட்டிலும் வேலை பார்த்துப் போனவர்கள் இருப்பார்கள். அவர்கள் எண்ணைக் குறித்துவையுங்கள். நாங்கள் தேடி வருவோம்.